ஒரு சார்ஜருக்குள் நூறு காப்புரிமை வாங்க அப்படி என்ன இருக்கிறது?

ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்: "பவர் இன்டகிரேஷன்ஸ் என்ற அமெரிக்கச் சில்லு நிறுவனத்தை நீண்ட காலம் நடத்திய பாலு பாலகிருஷ்ணன் பெயரில் நூறுக்கும் மேல் காப்புரிமைகள் இருப்பதாகப் படித்தேன். பெரும்பாலும் சார்ஜர், அடாப்டர் சம்பந்தப்பட்டவை. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ஒரு டப்பாவில் கண்டுபிடிக்க அவ்வளவு என்ன இருக்கிறது? இரண்டு காப்புரிமைகளைத் திறந்து பார்த்தேன், ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. இவை நிஜமான கண்டுபிடிப்புகளா, வக்கீல் வேலையா?"

இரண்டும்தான். ஆனால் வக்கீல் வேலை எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் டப்பாவைத் திறக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, சார்ஜருக்குள் இருப்பது இதுதான்) டிசைன் செய்து பிழைத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேப் ரெக்கார்டருக்கு நாம் வைத்திருந்த எலிமினேட்டர் ஞாபகம் இருக்கிறதா? செங்கல் மாதிரி கனக்கும். பிளக்கில் செருகி வைத்தால் செட் ஓடாவிட்டாலும் சூடாக இருக்கும். உள்ளே இருந்தது ஒரு இரும்புத் தகட்டு டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, ஒரு கண்டென்சர். அவ்வளவுதான். அது ஏன் கனத்தது? மின்வாரியம் தரும் கரண்ட் வினாடிக்கு 50 முறைதான் அலைகிறது. டிரான்ஸ்பார்மர் என்பது ஒரு பக்கத்துச் சக்தியைக் காந்தமாக்கி மறுபக்கம் தருவது. கிணற்றிலிருந்து வினாடிக்கு 50 முறைதான் மொள்ளலாம் என்றால் பெரிய குடம் வேண்டும். லட்சம் முறை மொள்ள முடிந்தால் ஒரு கரண்டி போதும். தொட்டிக்கு வந்து சேரும் தண்ணீர் அதே அளவுதான்.

அந்தக் கரண்டிதான் எஸ்எம்பிஎஸ். வரும் ஏசியை முதலில் நேராக டிசி ஆக்கிவிடுவார்கள். 230 வோல்ட் ஏசியின் உச்சி சுமார் 325 வோல்ட், அது ஒரு கண்டென்சரில் தேங்கும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அந்த 325 வோல்ட்டை வினாடிக்கு லட்சம் தடவை போல வெட்டி வெட்டி ஒரு குட்டி பெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். டிரான்சிஸ்டர் ஆன் ஆகும்போது கரண்டி முங்குகிறது, ஆஃப் ஆகும்போது மறுபக்கம் ஊற்றுகிறது. இந்த வகைக்கு ஃப்ளைபேக் என்று பெயர், செல்போன் சார்ஜர்களில் அனேகமாக எல்லாமே இதுதான்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஒரு பிரபலமான பதில் உண்டு: ராட் ஹோல்ட். 1977-ல் வந்த ஆப்பிள் II கணினிக்குப் பவர் சப்ளை செய்தவர், அடாரியிலிருந்து வந்த அனலாக் பொறியாளர். ஃபேன் இல்லாமல் ஓட வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார், ஹோல்ட் எஸ்எம்பிஎஸ் போட்டுக் காட்டினார். 1978 டிசம்பரில் அவர் பெயரில் 4,130,862 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று எல்லாக் கணினியிலும் இருப்பது ஹோல்ட்டிடமிருந்து திருடியது என்று ஜாப்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அது சரியல்ல. ஹோல்ட்டின் வேலை நேர்த்தியானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ராபர்ட் போஷெர்ட் என்பவர் அதற்குச் சில வருடம் முன்பே கலிபோர்னியாவில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் மலிவான எஸ்எம்பிஎஸ் செய்யத் தொடங்கி, பிரின்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆசிலோஸ்கோப் என்ற அளவுக் கருவிகளிலும் அது இருந்தது. 1976-லேயே சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் பாப் மம்மானோ இதற்கென்றே எஸ்ஜி1524 என்ற கன்ட்ரோல் ஐசியைக் கொண்டுவந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, உயர் வோல்டேஜைத் தாங்கிக்கொண்டு வேகமாக ஆன், ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த சங்கதி. ஹோல்ட்டின் காப்புரிமை அவருடைய சர்க்யூட்டுக்கு. எஸ்எம்பிஎஸ் என்ற யோசனைக்கு அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி கேள்வி தீர்ந்தது. பவர் சப்ளையில் யாரும் "சார்ஜரை"க் கண்டுபிடிப்பதில்லை. சார்ஜர் செய்யும்போது வரும் ஏதோ ஒரு தொல்லையை ஒழிக்கிறார்கள், அந்த ஒழிப்புக்குத்தான் காப்புரிமை.

என்னென்ன தொல்லை? முதல் தொல்லை அந்த டிரான்சிஸ்டரே. 325 வோல்ட்டை வெட்டுகிறது என்றேன். ஆஃப் ஆகும் கணத்தில் மறுபக்கத்திலிருந்து பிரதிபலிக்கும் வோல்டேஜும், காயிலின் கசிவால் எழும் குத்தும் சேர்ந்து 600-ஐத் தொடும். ஆகவே 700 வோல்ட் தாங்குவது வேண்டும். அதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டோ ஐந்தாறு வோல்ட்டில் ஓடும் சாது. 1980-களில் இரண்டும் தனித்தனிச் சில்லுகள், சுற்றிலும் இருபது முப்பது பாகங்கள். இரண்டையும் ஒரே சிலிக்கானில் வைத்தால் செலவு குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எருமையையும் முயலையும் ஒரே கொட்டிலில் கட்டுவது எப்படி?

இங்கேதான் கிளாஸ் எக்லண்ட் வருகிறார். ஸ்வீடன்காரர், 1988-ல் பவர் இன்டகிரேஷன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய காப்புரிமை எண் 4,811,075, விண்ணப்பித்தது 1987, கிடைத்தது 1989. தலைப்பு வெறுமனே "உயர் வோல்டேஜ் மாஸ் (MOS) டிரான்சிஸ்டர்கள்" என்றிருக்கும், தூக்கம் வரும். விஷயம் அபாரமானது.

சிலிக்கான் ஒரு மைக்ரானுக்குச் சுமார் 20, 30 வோல்ட்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் உடைந்துவிடும். 700 வோல்ட் தாங்க அந்த அழுத்தத்தை நீளவாக்கில் பரப்ப வேண்டும். டிரெயின் என்ற, உயர் வோல்டேஜ் வந்து சேரும் பகுதியை நீட்டுகிறார்கள். அந்த நீளப் பாதையில் மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் குறைவாக இருந்தால்தான் ஆஃப் ஆகும்போது சீக்கிரம் காலியாகி வோல்டேஜைத் தாங்கும். குறைவாக இருந்தால் ஆன் ஆகும்போது வழி குறுகி, தடை கூடி, சூடாகும். சாலையை அகலமாகவும் வைக்க வேண்டும், ராத்திரி பூட்டும்போது ஒரு ஆளும் இருக்கக் கூடாது. இந்த இழுபறிக்கு 1979-ல் பிலிப்ஸின் ஆய்வாளர்கள் அப்பெல்ஸும் வேஸும் ஒரு வழி காட்டியிருந்தார்கள்: மெல்லிய படலமாக வைத்தால் அடியில் உள்ள எதிர்வகைச் சிலிக்கான் (எதிர் மின்னூட்டத் துகள்கள் உள்ளது) அதைக் கீழிருந்து காலி செய்துவிடும்.

எக்லண்ட் மேலேயும் ஒரு எதிர்வகைப் படலத்தை வைத்தார். நடுவில் உள்ள பாதை இப்போது மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் காலியாவதால் முன்பைவிட அதிகத் துகள்களை வைக்கலாம். தாங்கும் வோல்டேஜ் அப்படியே இருக்க, தடை குறைந்தது. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: அந்த மேற்படலத்தை, கீழே உள்ள பாதைக்குத் திறந்த அதே மாஸ்க் (சில்லில் எங்கே எதைச் செலுத்துவது என்று காட்டும் அச்சு) ஜன்னல் வழியாகவே செலுத்தலாம் என்கிறார். அதாவது தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு மாஸ்க் தேவையில்லை. செலவு பார்த்து யோசிக்கிறவன்தான் உண்மையான பொறியாளன் என்று எங்கள் பட்டறையில் சொல்வோம். இவர் டிரான்சிஸ்டர் இயற்பியலுக்குள்ளேயே செலவு பார்த்திருக்கிறார்.

எருமையும் முயலும் ஒரே கொட்டிலுக்கு வந்தாகிவிட்டது. அப்புறம் அதைப் பொருளாக்க வேண்டும். பாலகிருஷ்ணன் உள்ளே வருவது இங்கே. பெங்களூர் பல்கலைக்கழகத்தில் படித்து, லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு முடித்து, நேஷனல் செமிகண்டக்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு 1989-ல் பவர் இன்டகிரேஷன்ஸில் சேர்ந்தார். 1994-ல் அவர்கள் கொண்டுவந்த டாப்ஸ்விட்சை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் ஏதோ சாதாரண ரெகுலேட்டர் என்று நினைத்தேன். மூன்றே கால். ரெகுலேட்டர்களுக்கு வழக்கமான அதே டிஓ-220 உடம்பு. ஆனால் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் முதல்பக்க, அதாவது மின்சாரம் நுழையும் பக்கத்து, மூளையும் தசையும் மொத்தமும் அதற்குள்.

மூன்று கால் என்பதுதான் கண்டுபிடிப்பு. யோசித்துப் பாருங்கள். ஒரு கால் 700 வோல்ட் பக்கம், ஒரு கால் தரை. மீதி ஒரே கால். அதன் வழியாகத்தான் சில்லுக்குச் சாப்பாடும் போக வேண்டும், "வெளியே வோல்டேஜ் கூடிவிட்டது, குறை" என்ற சேதியும் போக வேண்டும். பாலகிருஷ்ணன் செய்தது இது: அந்தக் காலில் உள்ளே ஒரு ஷன்ட் ரெகுலேட்டர் இருக்கிறது, மிஞ்சும் மின்னோட்டத்தை வடித்துவிட்டு 5.7 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். வரும் மின்னோட்டத்தில் சில்லு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது எவ்வளவோ, அதுவே சேதி. மிச்சம் கூடினால் டிரான்சிஸ்டர் ஆன் ஆகும் நேரம் குறையும், மிச்சம் குறைந்தால் கூடும். வீட்டுக்கு வரும் தபால்காரரே அரிசி மூட்டையையும் தூக்கி வந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஏதாவது ஷார்ட் ஆகிச் சாப்பாடு நின்றால் சில்லு தானாக அணைந்து, விட்டு விட்டு எட்டிப் பார்க்கும், சரியாகிவிட்டால் தொடரும். இதற்கும் தனியாகக் கால் கிடையாது, அதே காலில் தொங்கும் கண்டென்சர்தான் கடிகாரம்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய டிசைன்களில் சில்லை முதலில் உசுப்ப 325 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் விடுவோம். உசுப்பிய பிறகும் அந்த ரெசிஸ்டர் சும்மா எரிந்துகொண்டே இருக்கும். நான் பழுது பார்த்த போர்டுகளில் பாதி அந்த ரெசிஸ்டர் கருகித்தான் செத்திருக்கும். டாப்ஸ்விட்சில் உயர் வோல்டேஜ் காலிலிருந்தே உள்ளே ஒரு மின்னோட்ட மூலம் வைத்து, எழுந்ததும் அதை அணைத்துவிட்டார்கள். அதற்கும் தனிக் காப்புரிமை. நூறு எப்படிச் சேர்கிறது என்று இப்போது புரிகிறதா? ஒவ்வொரு கருகிய ரெசிஸ்டருக்கும் ஒன்று.

அடுத்தது சும்மா இருக்கும்போது தின்னும் கரண்ட். பழைய எலிமினேட்டர் எதுவும் இணைக்காமலே ஒரு வாட்டுக்கு மேல் தின்னும். இரண்டு வாட் என்று வையுங்கள், வருடத்துக்குப் பதினேழரை யூனிட். ஒரு வீட்டில் நாலைந்து இருந்தால் மின்கட்டணத்தில் தெரியும், ஒரு நாடு முழுக்க என்றால் மின்நிலையக் கணக்கு. 1998-ல் வந்த டைனிஸ்விட்சில் பாலகிருஷ்ணனின் குழு ஆன் ஆகும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையையே தூக்கிப் போட்டது. கரண்டி அளவு அப்படியே இருக்கும். தொட்டி நிறைந்திருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடு, குறைந்திருந்தால் மொண்டு ஊற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவே. போன் செருகாத சார்ஜர் பெரும்பாலான சுற்றுகளைத் தவறவிட்டுத் தூங்கும். 230 வோல்ட்டில் சுமார் 60 மில்லிவாட், வருடத்துக்கு அரை யூனிட்.

இதற்குக் காலமும் கைகொடுத்தது. காத்திருக்கும் சாதனங்கள் ஒரு வாட்டுக்கு மேல் தின்னக் கூடாது என்ற கோரிக்கையை ஆலன் மையர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுப்பியிருந்தார். 1999-ல் சர்வதேச எரிசக்தி முகமை அதை எடுத்துக்கொண்டது. 2001-ல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் அப்படிப்பட்ட சாதனங்களைத்தான் வாங்க வேண்டும் என்று புஷ் உத்தரவு போட்டார். அப்புறம் கலிபோர்னியாவில் தொடங்கி அடாப்டர்களுக்குச் சட்டமே வந்தது, இரும்பு எலிமினேட்டரின் கதை முடிந்தது. செம்பு விலை ஏறியதும் ஒரு காரணம், நியாயமாகச் சொன்னால்.

இப்போது எனக்கு நெருக்கமான தொல்லை: சத்தம். காதுக்குக் கேட்கும் சத்தம் அல்ல, ரேடியோவில் கேட்கும் இரைச்சல். வினாடிக்கு லட்சம் தடவை 325 வோல்ட்டை வெட்டினால் அது ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். மின்கம்பி வழியாக அது வெளியே போகக் கூடாது என்று 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து பார்ப்பார்கள். எங்கள் கம்பெனி ஐரோப்பாவுக்கு அனுப்ப இருந்த ஒரு சப்ளையை டெஸ்ட் லேபுக்கு எடுத்துப்போனது நினைவிருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. திரையில் 200, 300, 400 என்று இடத்துக்கு இடம் முள் முள்ளாக நின்றது, வரம்புக் கோட்டைத் தாண்டி. ஃபில்டர் காயிலைப் பெரிதாக்கினோம், கண்டென்சர் மாற்றினோம், மூன்று முறை போய் வந்தோம். கடைசியில் தேறியபோது ஃபில்டர் மட்டும் டிரான்ஸ்பார்மர் அளவுக்கு இருந்தது. டப்பாவின் மூடி மூடவில்லை. அதற்கு ஒரு புது மோல்டு, முதலாளியிடம் வாங்கிய திட்டு தனி.

பாலகிருஷ்ணனும் சக பொறியாளர்களும் 1998-ல் விண்ணப்பித்த வழி வேறு. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் பாருங்கள். ஒரே சுருதி, அசையாது. நிலையான வேகத்தில் ஓடும் எஸ்எம்பிஎஸ் அப்படித்தான், எல்லாச் சக்தியும் ஒரே இடத்தில் குவியும். நாகஸ்வரக்காரர் அதே சுரத்தை கமகத்தோடு அசைத்தால்? சுரம் அதேதான், ஆனால் ஒரு புள்ளியில் நிற்காமல் சுற்றிலும் பரவும். பின்னாளில் வந்த அவர்களுடைய சில்லுகள் 132 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி மேலும் கீழும் 4 கிலோஹெர்ட்ஸ் அசைந்துகொண்டே இருக்கும். அளக்கும் கருவியின் ஜன்னல் 9 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். அலை அந்த ஜன்னலுக்குள் கொஞ்ச நேரம், வெளியே கொஞ்ச நேரம். பத்தாவது மடங்கில் அசைவும் பத்து மடங்கு, அதாவது 80 கிலோஹெர்ட்ஸுக்குப் பரவிவிடும். முள் மழுங்கிக் குன்றாகிவிடும், ஃபில்டர் பாதியாகக் குறையும்.

மொத்த இரைச்சல் குறையவில்லையே, அளவுகோலை ஏமாற்றுகிறீர்கள் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன், பொறாமையில். ஆனால் ரேடியோவும் ஒரு குறுகிய ஜன்னலில்தான் கேட்கிறது, ஆகவே இது வெறும் ஏமாற்று அல்ல. தவிர, பரிட்சை வைக்கிறவர் அப்படி வைத்தால் எழுதுகிறவர் என்ன செய்வார்?

சரி, வக்கீல் பகுதிக்கு வருவோம். காப்புரிமையைத் திறந்ததும் நீங்கள் படித்தது அனேகமாகச் சுருக்கமும் விளக்கமும். அவை கதை. சொத்துப் பத்திரம் கடைசியில் இருக்கும் எண்ணிட்ட உரிமைக்கோரல்கள்தான். வீட்டுப் பத்திரத்தில் "வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால்" என்று நான்கெல்லை சொல்வார்களே, அதேதான். நேரே கடைசிக்குப் போய் முதல் கோரலைப் படியுங்கள், படத்தை அதற்கப்புறம் பாருங்கள். இந்த அசைக்கும் சர்க்யூட்டின் காப்புரிமை எண் 6,249,876. 2001-ல் கிடைத்தது. முதல் கோரல் சொல்லும் நான்கெல்லை: துடிப்பைத் தரும் ஒரு ஆசிலேட்டர், அதன் வேகத்தை மாற்றும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி (எண்ணை மின் அளவாக்குவது), அதில் ஒன்றோ பலவோ மின்னோட்ட மூலங்கள், ஆசிலேட்டரோடும் மாற்றியோடும் இணைக்கப்பட்ட ஒரு கவுன்ட்டர், கவுன்ட்டர் எண்ண எண்ண மாற்றி வேகத்தை நகர்த்தும். "வேகத்தை அசைப்பது" என்ற யோசனை அவர்களுக்குச் சொந்தமல்ல, பாருங்கள். இந்தக் குறிப்பிட்ட விதத்தில் அசைப்பதுதான் சொந்தம்.

"இணைக்கப்பட்ட" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அந்த ஒரு சொல்லுக்காகப் பல வருடம் வழக்கு நடந்தது. பழைய காப்புரிமை ஒன்றில் கவுன்ட்டருக்கும் மாற்றிக்கும் நடுவே ஒரு ஈப்ராம் நினைவகம் இருந்தது. கவுன்ட்டர் எண்ணைக் கொடுக்கும், ஈப்ராம் அதற்குரிய மதிப்பைத் தேடி மாற்றிக்கு அனுப்பும். நடுவில் யார் இருந்தாலும் இணைப்பு இணைப்புதானே, ஆகவே புதுமை இல்லை என்றது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம். கவுன்ட்டரே மாற்றியை ஆட்ட வேண்டும் என்பதுதான் கோரல், தரகர் வைத்துப் பேசுவது அதில் சேராது என்றது பவர் இன்டகிரேஷன்ஸ். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் அலுவலகத்தின் முடிவைத் திருப்பி அனுப்பியது, 2018-ல் மறுபடி வந்தபோது அலுவலகம் சொல்லும் பொருள் வரம்புமீறி அகலமானது என்று முடித்துவைத்தது. ஈப்ராம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் மொத்த வழக்கும். என்னைக் கேட்டால் நீதிமன்றம் சொன்னதுதான் சரி, அந்த ஈப்ராமை எடுத்ததில்தான் சில்லுக்குள் அடங்கும் மலிவு இருக்கிறது.

இந்தச் சொல் சண்டைக்கு ஏன் இவ்வளவு வேகம்? பணம். 2004-ல் பவர் இன்டகிரேஷன்ஸ், போட்டி நிறுவனமான ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் மீது டெலவேரில் வழக்குப் போட்டது. எக்லண்டின் டிரான்சிஸ்டர், வேகம் அசைப்பது, மெல்ல எழுப்புவது என்று நாலு காப்புரிமைகள். 2006-ல் ஜூரி சுமார் 3.4 கோடி டாலர் நஷ்டஈடு சொன்னது. பிறகு நீதிபதி அதை 82 சதவீதம் வெட்டி சுமார் 61 லட்சமாக்கினார். காரணம் என்ன தெரியுமா? சில்லுகள் செய்யப்பட்டதும் விற்கப்பட்டதும் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உலக விற்பனையைச் சேர்த்துக் கணக்கிட முடியாது என்றது. அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்க மண்ணில்தான் செல்லும். சார்ஜர் தொழில் முழுக்க ஆசியாவில் நடக்கும்போது அந்த வேலி எதை அடைத்தது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேர்சைல்டும் எதிர் வழக்குகள் போட்டது. பவர் இன்டகிரேஷன்ஸ் கலிபோர்னியாவில் போட்ட இன்னொரு வழக்கில், பளு குறையும்போது வேகத்தைக் குறைத்துச் சிக்கனம் செய்யும் முறைக்கான காப்புரிமை மையமாக இருந்தது. அதில் ஜூரி 2015-ல் பவர் இன்டகிரேஷன்ஸுக்குச் சுமார் 14 கோடி டாலர் கொடுத்தது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அந்தச் சில்லில் மதிப்புள்ள வேறு அம்சங்களும் இருக்கின்றன, வாங்குகிறவர் இந்த ஒன்றுக்காகவே வாங்கினார் என்று நிரூபிக்காமல் சில்லின் முழு விலையையும் கணக்கில் எடுக்க முடியாது என்றது. அந்த வேறு அம்சங்களில் வேகம் அசைப்பதும் ஒன்று! சொந்தப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் எதிர்ச்சாட்சி. இதற்கிடையே ஃபேர்சைல்டை ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது. 2020 அக்டோபரில் ஆன் 17.5 கோடி டாலர் கொடுத்து எல்லா வழக்குகளையும் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். பதினாறு வருடம். அதற்குள் பிறந்த குழந்தை பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எக்லண்டின் டிரான்சிஸ்டர், மூன்று கால் சில்லு, சுற்றைத் தவறவிடும் முறை, இந்த மூன்றும் கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவை. வேகம் அசைப்பது நல்ல பொறியியல், ஆனால் கவுன்ட்டரை எதோடு இணைக்கிறோம் என்பதில் கோரல் நிற்பது வக்கீல் வேலையின் வாசனை. மீதி எண்ணிக்கையில் பல, ஏற்கனவே வாங்கிய நிலத்துக்குச் சுற்றிலும் போட்ட முள்வேலி. எந்த நிறுவனமும் போடும்.

அதற்கப்புறமும் வேலை நிற்கவில்லை. 2014-ல் வந்த இன்னோஸ்விட்சில், வெளிச்சத்தால் சேதி கடத்தும் ஆப்டோ கப்ளரையே எடுத்துவிட்டார்கள். வெளிப்பக்கச் சேதியை முதல்பக்கத்துக்குக் கொண்டுவர, சில்லின் உலோகச் சட்டத்திலேயே வளையம் வளைத்துக் காந்த இணைப்பாக்கினார்கள். 2019-ல் சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு. இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் 65 வாட் லேப்டாப் சார்ஜர் அந்த வழியில் வந்தது.

நான் சொன்ன 1980, 90-களின் காப்புரிமைகள் எல்லாம் இப்போது காலாவதி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். சென்னை ரிச்சி தெருவில் விற்கும் பெயரில்லாத சார்ஜரிலும் வேகம் அசைவதையும், சுற்றைத் தவறவிடுவதையும் யார் வேண்டுமானாலும் சட்டப்படி வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். அவர்கள் மிச்சம் பிடிப்பது வேறு இடத்தில்: 325 வோல்ட் பக்கத்துக்கும் உங்கள் போன் பக்கத்துக்கும் நடுவே போர்டில் விட வேண்டிய இடைவெளியில், டிரான்ஸ்பார்மருக்குள் சுற்ற வேண்டிய டேப்பில். நல்ல சார்ஜரில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் போல காலி இடம் தெரியும், சில இடங்களில் போர்டையே அறுத்துப் பிளவு வைத்திருப்பார்கள். மலிவானதில் ஒரு நகம் நுழையாது.

ஒரு பழைய சார்ஜரை உடைத்து இதையெல்லாம் பார்க்கத் தோன்றினால் தாராளமாகப் பாருங்கள். ஆனால் பிளக்கிலிருந்து எடுத்த உடனே கை வைக்காதீர்கள். உள்ளே உருண்டையாக இருக்கும் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் இன்னும் தேங்கியிருக்கலாம். 25 வாட் குண்டு பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, வயரின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு, கண்டென்சரின் இரண்டு கால்களிலும் சில வினாடி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம். என் ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனை இன்றும் அரைவட்டமாக உருகித்தான் இருக்கிறது.